மருத்துவக் கல்லூரி விண்ணப்பம்: ஜூன் மாதத்துக்கு முன் ஒரு கணக்கு



ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து பிரசாதத்துக்காக வரிசையில் நிற்கும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர் ஸார், நம்ம பொண்ணு காலேஜ் மூணாவது வருஷம். ஜி.பி.ஏ. 3.8 இருக்கு. மெடிக்கல் ஸ்கூல் கிடைச்சுடும் இல்லையா?" கையில் புளியோதரைத் தட்டை வைத்துக்கொண்டு இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிவதில்லை. "கிடைக்கும், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நானும் பலமுறை அப்படி நகர்ந்திருக்கிறேன். அது அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த உதவி அல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே சொல்ல வேண்டியதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்த காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டித் தரவரிசைப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் பெயர் மேலே இருந்தால் இடம் உண்டு. கீழே இருந்தால் இல்லை. நீ ஏன் மருத்துவராக விரும்புகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. அந்தப் பட்டியல் என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. 2017 இல் என் மகன் விண்ணப்பித்தபோது அவனுக்கு ஜி.பி.ஏ. 3.8, எம்கேட் தேர்வில் 514. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். விண்ணப்பத்தைச் செப்டம்பர் மாதத்தில் அனுப்பினோம். 22 கல்லூரிகள்; பெரும்பாலும் எல்லாரும் கேள்விப்பட்ட பெரிய பெயர்கள். அவன் எழுதிய கட்டுரையை நான்தான் இரண்டு இரவு உட்கார்ந்து "திருத்தி"க் கொடுத்தேன். ஒரு கல்லூரிகூட அவனை நேர்காணலுக்கு அழைக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் கோயிலுக்கு வரவில்லை. "பையன் எங்கே சேர்ந்திருக்கான்?" என்று யாராவது கேட்பார்களே என்ற கூச்சம்தான் காரணம். வீட்டில் மருத்துவர் இருந்தும் அவனுக்கு வழி தவறியது என்றால், அந்தத் தவறில் பாதிக்கு மேல் என்னுடையது. அவன் விண்ணப்பத்தில் எது இருந்தது, எது இல்லை என்பதை நாங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அந்த ஒன்றுதான்: அனுப்புவதற்கு முன் கணக்குப் பாருங்கள், கணக்கு நிறையவில்லை என்றால் ஓராண்டு பொறுங்கள்.

மதிப்பெண் கணக்கு

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் வெளியிடும் விவரப்படி, 2024 இல் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,000 பேர். சேர்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. ஏறக்குறைய 3.8, எம்கேட் ஏறக்குறைய 512. சராசரி என்றால் அதற்குக் கீழே உள்ளவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு மேலே இருந்தும் சேராதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. என் மகன் அவர்களில் ஒருவன்.

ஜி.பி.ஏ. விஷயத்தில் நம்மவர்கள் பலர் அறியாத சில நுணுக்கங்கள் உண்டு. பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்ப அமைப்பு ஆம்காஸ். அது கல்லூரி தரும் ஜி.பி.ஏ.வை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தானே மீண்டும் கணக்கிடுகிறது. உயிரியல், வேதியியல், பௌதிகம், கணிதம் ஆகிய நான்குக்கும் தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுகிறது. பொது ஜி.பி.ஏ. 3.8 ஆகவும் இந்த அறிவியல் ஜி.பி.ஏ. 3.4 ஆகவும் இருந்தால் கல்லூரிக்காரர்கள் இரண்டாவதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். ஒரு பாடத்தில் சி வாங்கி, மீண்டும் படித்து ஏ வாங்கினால், பழைய சி மறைந்துவிடாது. இரண்டும் கணக்கில் சேரும். உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடங்களும் சேரும். ஆகவே எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளையும் வரவழைத்து, ஒரு தாளில் இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் ஆண்டில் தடுமாறிய பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. படிப்படியாக ஏறி, கடைசி இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்தால் அந்த ஏற்றம் கண்ணில் படும். ஆனால் ஏற்றத்தைக் காட்டுவதற்குப் பருவங்கள் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் அவசரப்பட்டு விண்ணப்பித்தால் நான்காம் ஆண்டின் நல்ல மதிப்பெண்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

எம்கேட் தேர்வு இப்போதைய வடிவத்துக்கு வந்தது 2015 இல். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை. இடைவேளைகளையும் சேர்த்தால் சுமார் ஏழரை மணி நேரம். நம் பிள்ளைகள் வேதியியலிலும் உயிரியலிலும் நன்றாகச் செய்துவிட்டு, கார்ஸ் எனப்படும் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் சறுக்குவதைப் பார்க்கிறேன். 90 நிமிடத்தில் 53 கேள்விகள். அதற்கு மனப்பாடம் உதவாது. வரலாறு, தத்துவம், கலை பற்றிய கட்டுரைகளைத் தினமும் படிக்கும் பழக்கம்தான் உதவும். அந்தப் பழக்கம் இரண்டு மாதப் பயிற்சி வகுப்பில் வந்துவிடாது.

"சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்" என்று பெற்றோர் சொல்வதுண்டு. அது கூடாது. ஓராண்டில் மூன்று முறை, தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்கள் எல்லாவற்றையும் கல்லூரிகள் பார்க்கும். அந்தச் சங்கமே விற்கும் முழு மாதிரித் தேர்வுகளை வீட்டில் நேரம் வைத்து எழுதி, கடைசி மூன்று தேர்வுகளில் வரும் எண் நமக்கு வேண்டிய எண்ணாக இருந்தால் போகலாம். இல்லையென்றால் தேதியைத் தள்ளிவைப்பதே புத்திசாலித்தனம்.

நோயாளியின் அருகில் நின்ற நேரம்

என் மகனின் விண்ணப்பத்தில் இருந்த பெரிய ஓட்டை இதுதான். அவன் என் கிளினிக்கில் ஒரு கோடை விடுமுறையில் 20 மணி நேரம் என் பின்னால் நின்றான். வேறு ஒரு நண்பரின் அறுவைக் கூடத்தில் ஒரு நாள். அவ்வளவுதான். சோதனைச்சாலை ஆராய்ச்சி இரண்டு ஆண்டு இருந்தது, அது நல்லதுதான். ஆனால் நோயுற்ற மனிதர் ஒருவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த அனுபவம்கூட அவனுக்கு இல்லை. கல்லூரிக்காரர்கள் கேட்பது மிக எளிய கேள்வி: இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவனிடம் பதில் இல்லை.

டாக்டருக்குப் பின்னால் நின்று பார்ப்பது வேறு. நோயாளியோடு தானே பழகுவது வேறு. இரண்டும் வேண்டும். முதலாவதற்கு, தகப்பனாரோ மாமாவோ அல்லாத இரண்டு மூன்று டாக்டர்களிடம் போக வேண்டும். அதில் ஒருவராவது குடும்ப மருத்துவராகவோ பொது மருத்துவராகவோ இருப்பது நலம். இரண்டாவதற்கு வழிகள் பல. நர்ஸிங் ஹோமில் உதவியாளர் வேலை, ஆம்புலன்ஸில் ஈ.எம்.டி. வேலை, டாக்டர் சொல்வதைக் கணினியில் பதியும் ஸ்கிரைப் வேலை, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்குத் துணையிருக்கும் ஹாஸ்பிஸ் தொண்டு, இலவச கிளினிக்கில் மொழிபெயர்ப்பு. சம்பளம் வாங்கினால் மதிப்பு குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரு கோடையில் 200 மணி நேரத்தை அள்ளிக் குவிப்பதைவிட வாரம் நான்கு மணி நேரமாக இரண்டு ஆண்டு போவது உயர்ந்தது. மணிக்கணக்கு சமமாக இருந்தாலும், இரண்டு ஆண்டு போனவருக்குச் சொல்வதற்கு விஷயம் இருக்கும்.

நம் கோயிலில் அன்னதானத்துக்கு உதவுவது, தமிழ்ப் பள்ளியில் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது ஆகியவையும் தொண்டுதான், தாராளமாக எழுதலாம். ஆனால் எல்லாத் தொண்டும் நம்மவருக்குள்ளேயே இருந்தால் போதாது. நம்மைப் போல் இல்லாதவர்கள், வீடில்லாதவர்கள், காப்புறுதி இல்லாதவர்கள் ஆகியோரிடம் பிள்ளை போயிருக்க வேண்டும். நாளைக்கு அவர்கள்தான் நோயாளிகளாக வரப்போகிறார்கள்.

கடிதங்களும் கட்டுரையும்

சிபாரிசுக் கடிதம் என்றால் நம் ஊர்ப் பழக்கத்தில் பெரிய மனிதரிடம் கையெழுத்து வாங்குவது. இங்கே அது எடுபடாது. பிள்ளையை நன்றாக அறிந்த உதவிப் பேராசிரியரின் கடிதம், அறியாத துறைத் தலைவரின் கடிதத்தைவிடப் பலமடங்கு மேல். பொதுவாக இரண்டு அறிவியல் ஆசிரியர்கள், ஒரு பிற பாட ஆசிரியர், வேலையிலோ ஆராய்ச்சியிலோ மேற்பார்த்த ஒருவர் என்று திட்டமிடலாம். சில கல்லூரிகளில் முன்மருத்துவக் குழு ஒன்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கடிதமாக அனுப்பும். அப்படி இருந்தால் அந்தக் குழுவின் கடைசித் தேதிகளை இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். 300 பேர் உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்குப் பெயர் தெரிய வேண்டுமானால், அவரது அறைக்கு அடிக்கடி போய்ச் சந்தேகம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் பிள்ளைகளில் பலர் மரியாதை என்று நினைத்து ஒதுங்கி நிற்கிறார்கள். போகச் சொல்லுங்கள்.

ஆம்காஸில் எழுதும் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள்தான் இடம். செயல்பாடுகள் 15 வரை பதியலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள். அவற்றில் மிக முக்கியமானவை என்று மூன்றைத் தேர்ந்து, அவற்றுக்கு மட்டும் இன்னும் 1,325 எழுத்துகள் எழுதலாம். பதினைந்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் போன இடங்களையெல்லாம் எழுதி நிரப்பினால் உண்மையான வேலையும் அதில் மங்கிப்போகும்.

கட்டுரையைப் பிள்ளைதான் எழுத வேண்டும். நான் என் மகனின் கட்டுரையில் "மனித குலத்துக்குச் சேவை" என்று எழுதினேன். அவன் முதலில் எழுதியிருந்தது, அவனுடைய பாட்டி டயாலிஸிஸுக்குப் போகும் நாட்களில் காரில் அவளோடு பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி. அது சின்ன விஷயம் என்று நான் அடித்துவிட்டேன். அந்தக் கட்டுரையில் அவன் இருந்த இடம் அது ஒன்றுதான். அதை நீக்கியவன் நான்.

எங்கே, எப்போது

எந்தக் கல்லூரிகளுக்கு அனுப்புவது என்பதில் நம்மவர்கள் பெயருக்கு மயங்குகிறோம். மாநில அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் தம் மாநிலத்தவருக்கே முதலிடம் தருகின்றன. ஆகவே நீங்கள் வசிக்கும் மாநிலத்தின் கல்லூரிகள் அனைத்தும் பட்டியலின் தலைப்பில் இருக்க வேண்டும். வெளி மாநிலத்தவரை எந்தக் கல்லூரி எவ்வளவு பேர் எடுத்தது, சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் என்ன என்பதெல்லாம் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தொகுப்பில் கிடைக்கிறது. சிறிய சந்தா கட்டிப் பார்க்கலாம். டெக்ஸாஸ் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற தனி அமைப்பு உண்டு. டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளுக்கு ஆக்கோமாஸ். டி.ஓ. என்றால் நம் சங்கத்தில் இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். இரு பட்டதாரிகளுக்குமான மேற்பயிற்சி அங்கீகாரம் 2020 இல் ஒன்றாக்கப்பட்டுவிட்டது. என்னோடு வேலை செய்யும் டி.ஓ. டாக்டர்களிடம் என் சொந்தத் தாயாரை ஒப்படைக்க நான் தயங்கமாட்டேன்.

ஆம்காஸ் மே மாதம் திறக்கிறது. மாதக் கடைசியில் அனுப்பத் தொடங்கலாம். ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போகிறது. மதிப்பெண்களைச் சரிபார்க்கச் சில வாரங்கள் ஆகும். பிறகு ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கட்டுரைகள் கேட்கும். அவற்றை இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்புவது நல்லது. பல கல்லூரிகள் வரவர அழைத்து, வரவர இடம் கொடுத்துக்கொண்டே போகும். கடைசித் தேதி அக்டோபர், நவம்பர் என்று போட்டிருக்கும். அதை நம்பி நாங்கள் செப்டம்பரில் அனுப்பினோம். அதற்குள் நேர்காணல் இடங்களில் பெரும் பகுதி போய்விட்டிருந்தது.

விசாவும் கடனும்

எச்-4 விசாவில் வந்த பிள்ளைகள் 21 வயது நிரம்பியதும் அந்த விசாவில் தொடர முடியாது. கிரீன் கார்டு வருவதற்குள் வயது தாண்டினால் எஃப்-1 விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். பல மருத்துவக் கல்லூரிகள் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் கல்லூரிகளிலும் சில, ஓராண்டு முதல் நான்காண்டுக் கட்டணம் வரை முன்பணமாகக் காட்டச் சொல்கின்றன. இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே வக்கீலைக் கலந்துகொள்வது அவசியம்.

கடன் விஷயத்திலும் மாறுதல் வந்திருக்கிறது. 2025 இல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்கும் மாணவர்களுக்குக் கிராட் பிளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு. மீதியைத் தனியார் கடனாகவோ குடும்பப் பணமாகவோதான் திரட்ட வேண்டும். சொந்த மாநிலக் கல்லூரியைப் பட்டியலின் தலைப்பில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறுப்பதா, அனுப்புவதா?

மூன்றாம் ஆண்டு பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் ஒரு மாலை உட்கார்ந்து பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள். அறிவியல் ஜி.பி.ஏ. சொந்த மாநிலக் கல்லூரியில் சேர்ந்தவர்களின் எல்லைக்குள் இருக்கிறதா? மாதிரித் தேர்வுகளில் வேண்டிய எண் வந்துவிட்டதா? தொடர்ந்து ஓராண்டாவது நோயாளிகளோடு பழகியிருக்கிறாரா? பெயர் சொல்லிக் கேட்டால் நல்ல கடிதம் தர மூன்று பேர் இருக்கிறார்களா? ஜூன் மாதத்துக்குள் எல்லாம் தயாராகுமா?

கட்டுரையை ஒரு மாதத்தில் திருத்தலாம். கல்லூரிப் பட்டியலை ஒரு வாரத்தில் மாற்றலாம். எம்கேட்டுக்கு நான்கைந்து மாதம் வேண்டும். ஆனால் அறிவியல் ஜி.பி.ஏ., நோயாளிகளோடு பழகிய நேரம், ஆசிரியரின் அறிமுகம் ஆகிய மூன்றும் காலத்தால்தான் வரும். இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று குறைவாக இருந்தால் அந்த ஆண்டு அனுப்ப வேண்டாம் என்பதே என் யோசனை. இன்று சேரும் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பட்டம் பெற்றபின் ஓராண்டாவது இடைவெளி விட்டுத்தான் வருகிறார்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குறையுள்ள விண்ணப்பத்தை அனுப்பித் தோற்பதில்தான் செலவு அதிகம். பணம் போகிறது; மறுமுறை விண்ணப்பிக்கும்போது, போன ஆண்டைவிட இந்த ஆண்டு என்ன மாறியது என்று கேட்கிறார்கள்; பிள்ளையின் தன்னம்பிக்கையும் அடிபடுகிறது.

என் மகன் பட்டம் பெற்றபின் ஒரு நர்ஸிங் ஹோமில் உதவியாளராக ஓராண்டுக்கு மேல் வேலை செய்தான். முதியவர்களைக் குளிப்பாட்டினான், உணவு ஊட்டினான். முதல் மாதம், "இது எனக்கு வேண்டாம்ப்பா" என்றான். ஆறாவது மாதம் ஒரு முதியவர் இறந்த இரவு வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசினான். இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது அவன் கட்டுரையை நான் கேட்கவும் இல்லை, அவன் காட்டவும் இல்லை. ஜூன் மாதமே அனுப்பினான். எங்கள் மாநிலக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. நேர்காணலில் எம்கேட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையாம். நர்ஸிங் ஹோமைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "இது வேண்டாம்" என்று பிள்ளை முதல் மாதம் சொல்வதுபோல் ஆறாவது மாதமும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேளுங்கள். மருத்துவமனைக்குள் போய்ப் பார்த்தபின் வேண்டாம் என்று முடிவெடுப்பவர், 30 வயதில் கடனோடு சேர்ந்து அந்த முடிவுக்கு வருபவரைவிடப் பாக்கியசாலி. அந்தப் பிள்ளையையும் நாம் பிரசாத வரிசையில் அதே அன்போடு விசாரிக்க வேண்டும்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, காலை பூஜை முடிந்தபின், கோயில் நூலக அறையில் இருப்பேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எல்லா டிரான்ஸ்கிரிப்டுகளையும், செய்த வேலைகளையும் மணி நேரத்தையும் எழுதிய ஒரு தாளையும் கொண்டுவரட்டும். பெற்றோர்களும் கூட வரலாம். ஆனால் பிள்ளை பேசட்டும், நாம் கேட்போம்.

எல்லாருக்கும் விநாயகப் பெருமான் அருள் துணை நிற்பதாக.